ஆச்சியும் வெள்ளைத் தேரியும்

மார்ச் பாதியில் டெக்சஸ் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை வரும். பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், எங்கள் குடியிருப்பில் யாரைப் பார்த்தாலும் “விடுமுறைக்கு எங்கே?” என்பார்கள். திரும்பி வந்ததும் “எத்தனை இடம் பார்த்தீர்கள்?” என்பார்கள். இந்த முறை நாங்கள் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வழியில் ஒரு குகைக்குள் இறங்கி ஏறினோம். மற்றபடி விடுமுறை முழுவதும் அந்த ஒரே மணல்வெளியில்தான் இருந்தோம். காலையில் போனோம், மதியம் அறைக்கு வந்து தூங்கினோம், மாலையில் மறுபடியும் அங்கேயே போனோம். சிறு குழந்தைகளோடு போகும் பயணம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நான்கு வயதுப் பையனுக்கு ஓர் இடம் பழக ஒரு நாளாவது வேண்டும். பழகிய பிறகுதான் அவன் விளையாடவே தொடங்குவான். அதற்குள் பெட்டியைக் கட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பினால், அவன் பார்ப்பதெல்லாம் காரின் பின் இருக்கையைத்தான்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அத்தை. ஜனவரியில் ஊரிலிருந்து வந்த என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. உடன்குடிப் பக்கம் பிறந்து ஆறுமுகநேரியில் வாழ்க்கைப்பட்டவர். பிறந்த வீட்டுக்குப் பின்னால் தேரி என்னும் செம்மணல் குன்றுகள், புகுந்த வீட்டுக்கு முன்னால் உப்பளம். மணலும் உப்பும் பார்த்து வளர்ந்தவருக்கு அமெரிக்காவில் எதைக் காட்டுவது என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தபோது, வெள்ளை மணல் குன்றுகளின் படம் ஒன்றைப் பார்த்த மகள்தான் சொன்னாள்: “ஆச்சிக்கு இது பிடிக்கும்.”

மகள் நான்காம் வகுப்பு. இங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு ஓர் அருமையான சலுகை வைத்திருக்கிறது. அந்தக் கல்வியாண்டு முழுவதும் தேசியப் பூங்காக்களுக்கு இலவச அனுமதி; காரில் உடன் வரும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். இணையத்தில் பதிந்து, காகிதத்தில் அச்சிட்டு, பெயரெழுதிக் கொண்டுபோனோம். நுழைவாயிலில் அதை அவளே நீட்டினாள். “இன்றைக்கு உங்களை எல்லாம் அழைத்து வந்தது நான்” என்று தம்பியிடம் அவள் சொன்ன தோரணை இருக்கிறதே!

டாலஸ் புறநகரிலிருந்து மேற்கே 20-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, முதல் இரவு ஒடெசாவில் தங்கினோம். மிட்லண்டும் ஒடெசாவும் எண்ணெய் வயல் ஊர்கள். சாலையின் இருபுறமும் எண்ணெய் இறைக்கும் எந்திரங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன. சின்னவன் அவற்றுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தான்.

மறுநாள் கார்ல்ஸ்பாட் குகை. அங்கே நேரம் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இயற்கை வாசல் வழியாக நடந்து இறங்கும் செங்குத்தான பாதை முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. மின்தூக்கி இருக்கிறது, 750 அடி ஆழத்துக்கு ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. கீழே பெரிய கூடத்தைச் சுற்றி நல்ல நடைபாதை போட்டிருக்கிறார்கள். குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை, ஆகவே தோளில் சுமக்கத் தயாராகப் போங்கள். ஆண்டு முழுவதும் உள்ளே 13 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் அத்தைக்குச் சால்வையும் குரங்குக் குல்லாவும் தேவைப்பட்டன. வவ்வால்கள் கூட்டமாகப் பறக்கும் காட்சி கோடையில்தான். மார்ச்சில் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். குகையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தோன்றவில்லை. அழகுதான். ஆனால் தொடாதே, ஓடாதே, கத்தாதே என்று சொல்லிக்கொண்டே சுற்றிவர வேண்டிய இடம். சின்னவன் பாதி வழியில் அப்பாவின் தோளில் தூங்கிப்போனான்.

அன்று மாலை ஆர்ட்டீசியா ஊரைத் தாண்டி 82-ஆம் எண் சாலையில் ஏறினோம். சமவெளியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, 8,600 அடி உயரத்தில் இருக்கும் கிளவுட்கிராஃப்ட் வரும்போது பைன் மரங்களும், அவற்றின் அடியில் மிச்சமிருந்த பனியும் தெரிந்தன. பிறகு அலமகோர்டோ வரை ஒரே இறக்கம். சுமார் 4,300 அடி. காது அடைத்துக்கொண்டதும் சின்னவன் அழுதான். அத்தை மடியிலிருந்த டப்பாவிலிருந்து சில்லுக்கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து அவன் வாயில் போட்டார். சப்பி விழுங்க விழுங்கக் காது திறந்துவிட்டது. உடன்குடிக் கருப்பட்டி நியூ மெக்சிகோ மலையிறக்கத்தில் மருந்தானது. சுரங்கப்பாதை ஒன்றைத் தாண்டியதும் காரை நிறுத்திப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், கீழே பள்ளத்தாக்கின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “உப்பளமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி என்று மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

ஒயிட் சாண்ட்ஸ் மணல், நாம் கடற்கரையில் பார்க்கும் மணல் வகையே அல்ல. முழுவதும் ஜிப்சம். சிமென்டிலும் சுவர்ப்பலகையிலும் சேர்க்கிறார்களே, அதே ஜிப்சம். ஏறத்தாழ 275 சதுர மைல் பரப்புக்கு அது குன்று குன்றாகக் கிடக்கிறது. உலகிலேயே பெரிய ஜிப்சம் மணல்குன்று வெளி இதுதான். பொதுவாக ஜிப்சம் மணலாகத் தங்காது. மழைநீரில் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். இந்தத் துலரோசா பள்ளத்தாக்கிலிருந்து கடலுக்குப் போக எந்த ஆற்றுக்கும் வழியில்லை. சுற்றியுள்ள மலைகளிலிருந்து கரைந்து வரும் ஜிப்சம், தாழ்ந்த இடத்தில் இருக்கும் லூசெரோ ஏரியில் தேங்குகிறது. வெயிலில் நீர் வற்ற, படிகமாக உறைகிறது. காற்றும் குளிரும் படிகத்தை உடைத்துப் பொடியாக்க, தென்மேற்குக் காற்று அந்தப் பொடியை வாரிக்கொண்டு வந்து குன்றாக்குகிறது.

இதைப் பூங்காவின் தகவல் மையத்தில் மகள் வாசித்துச் சொன்னதும், அத்தை தலையாட்டினார். ஆறுமுகநேரியில் என் மாமனார் உப்பளக் கணக்கு பார்த்தவர். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது முதலில் படிவது உப்பு அல்ல, ஜிப்சம். அதைத் தனியே வாரி சிமென்ட் ஆலைக்கு அனுப்புவார்கள். அதற்கப்புறம்தான் கடைசிப் பாத்தியில் உப்பு விளையும். இது அத்தைக்கு அன்றாடம் கண்ட விஷயம். இந்த மலைகளில் இருக்கும் ஜிப்சமும் ஒரு காலத்தில் அப்படிக் கடல்நீர் வற்றிப் படிந்ததுதான். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்தப் பகுதியெல்லாம் பெர்மியன் காலத்துக் கடல். ஒடெசாவில் தோண்டும் எண்ணெய் அந்தக் கடலின் உயிர்கள் மக்கிய எச்சம். கார்ல்ஸ்பாட் குகை இருக்கும் பாறை அந்தக் கடலோரத்தில் கடலுயிர்களால் வளர்ந்த திட்டு. மூன்று நாள் காரில் வந்தது வறண்ட ஒரு கடலின் மேல்தான் என்று மகளுக்குச் சொன்னபோது, அவள் வரைபடத்தை மடியில் விரித்து நாங்கள் வந்த வழியெல்லாம் நீல நிறம் தீட்டத் தொடங்கிவிட்டாள்.

காலையில் கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தைப் பாருங்கள். சுற்றிலும் ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களம் இருப்பதால் சில நாட்களில் சில மணி நேரம் சாலையையே மூடிவிடுவார்கள். நாங்கள் போன ஒரு காலையும் அப்படி மூடியிருந்தது. முன்பே தெரிந்திருந்ததால் அறையில் நிதானமாகப் புளியோதரை கிளறிவிட்டு மெதுவாகப் போனோம்.

உள்ளே எட்டு மைல் நீளச் சாலை. முதல் பாதியில் செடிகொடிகள் இருக்கும். போகப் போகச் செடிகள் குறைந்து, தார்ச்சாலை முடிந்து, அழுந்திய ஜிப்சம் தரையே சாலையாகிவிடுகிறது. இருபுறமும் வெள்ளை. முந்தின நாள் மலையில் பனியைப் பார்த்திருந்த சின்னவன் குளிரும் என்று சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டான். அத்தைக்கோ நேர்மாறான பயம். தேரியில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஒரு பனை நிழலிலிருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடித்தான் போக வேண்டும். “செருப்பைக் கழற்றாதே ஐயா, கால் வெந்துவிடும்” என்று பேரனைத் தடுத்தார். நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று காட்டினேன். ஜிப்சம் வெயிலை உள்வாங்காது. தரைக்கடியில் சில அடியிலேயே நிலத்தடி நீர் இருப்பதால் மணல் ஈரத்தோடு இருக்கும். உச்சி வெயிலிலும் அது குளுமையாகத்தான் இருக்கிறது. அத்தை முதலில் ஒரு காலை வைத்தார். கட்டைவிரலால் மணலைக் கிளறிப் பார்த்தார். இரண்டு அங்குலத்துக்குக் கீழே மணல் ஈரமாக, கைக்குள் பிடித்தால் பிடித்தபடி நின்றது. இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியை மறந்தவராகக் குன்றின் மேல் நடக்க ஆரம்பித்தார்.

தேரியிலும் சுனை உண்டு என்று அவர் போகும்போதே சொன்னார். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும். ஆடிக் காற்றில் தேரி நகரும், பாதை மூடும், வடலிப் பனைகள் பாதி புதைந்துபோகும். ஒயிட் சாண்ட்ஸிலும் வேகமாக நகரும் குன்றுகள் ஆண்டுக்கு 30 அடி வரை நகர்கின்றன. யக்கா என்ற செடி மணல் ஏற ஏறத் தண்டை நீட்டி, தலையை மணலுக்கு மேலே வைத்துக்கொள்கிறது. குன்று நகர்ந்து போனதும் அவ்வளவு நீளத் தண்டைத் தாங்க மணல் இல்லாமல் சாய்ந்துவிடுகிறது. அப்படிச் சாய்ந்து கிடந்த ஒன்றின் அருகே அத்தை வெகுநேரம் நின்றார்.

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சேலைத் தலைப்பைப் பார்த்தே சொன்னார். காற்று ஏறும் பக்கம் சரிவு மெதுவாக இருக்கும், இறங்கும் பக்கம் செங்குத்தாக இருக்கும். சறுக்குவதற்கு அந்தச் செங்குத்துப் பக்கம்தான் வேண்டும். பூங்காவின் கடையில் சறுக்க பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். கூடவே அடியில் தேய்க்க ஒரு மெழுகுக் கட்டி. மெழுகு தேய்க்காவிட்டால் தட்டு நகரவே நகராது. கீழே செடியோ, கெட்டித் தரையோ, சாலையோ இல்லாத சரிவாகப் பார்த்துத்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மணலில் குகை போலக் குடைந்து விளையாட ஒருபோதும் விடாதீர்கள். ஈர மணல் நிற்பதுபோல் நிற்கும், திடீரென்று சரிந்து மூடிவிடும்.

சின்னவன் முதல் முறை என் மடியில் உட்கார்ந்து சறுக்கினான். கீழே வந்ததும் பேச்சில்லை. முகமெல்லாம் வெள்ளை மாவு, இமைமயிரிலும் வெள்ளை. எழுந்தான். தட்டைத் தானே இழுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினான். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. தட்டு கையைவிட்டுக் கீழே ஓடியது. இறங்கிப் போய் எடுத்தான். தூக்கிவிடப் போன அப்பாவைத் தள்ளிவிட்டான். உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சிரைத்தது. தட்டை வைத்து, அதில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை உந்தித் தள்ளிக்கொண்டு தனியே போனான். அவன் கத்திய கத்து பக்கத்துக் குன்றில் இருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதன்பிறகு இடுப்பு நோகும் வரை அதுதான். அட்டவணை வைத்துக்கொண்டு வந்திருந்தால், இந்த இடத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்.

வெயில் ஏறியதும் வளைந்த தகரக் கூரை போட்ட மேசைகளில் சாப்பாடு. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம், மோர்மிளகாய். பாத்திரங்களுக்கு இறுக்கமான மூடி அவசியம். தகவல் மையத்தைத் தாண்டினால் உள்ளே எங்கும் குடிதண்ணீர் கிடையாது. கணக்குப் பார்க்காமல் தண்ணீர் எடுத்துப் போங்கள். வெள்ளைத் தரையிலிருந்து வெயில் திருப்பி அடிப்பதால் குழந்தைகளுக்குக் குளிர்கண்ணாடி வேண்டும். வெயில் களிம்பை மோவாய்க்கு அடியிலும் பூச வேண்டும். மார்ச், ஏப்ரல் இங்கே காற்றுக் காலம். பிற்பகலில் காற்று எழும்பிவிட்டால் மணல் ஊசியாகக் குத்தும், அதனால்தான் நாங்கள் மதியத்தில் அறைக்குத் திரும்பினோம்.

ஒரு மாலையில் சறுக்கி அலுத்தவர்களை உட்கார வைத்து அத்தை கிச்சுகிச்சுத் தாம்பாளம் சொல்லிக் கொடுத்தார். முழநீளத்துக்கு மணலைக் கரையாகக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியைச் செருகிச் செருகி எடுத்து எங்கோ ஒளித்துவிட வேண்டும். எதிராளி இரண்டு கைகளையும் கோத்துப் பொத்தி, அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அங்கே செடியை ஒடிக்கக் கூடாது என்பதால் ஐஸ்கிரீம் குச்சிதான் கிடைத்தது. ஈர ஜிப்சத்தில் கரை எவ்வளவு சீராக நின்றது! பக்கத்தில் சறுக்கிக்கொண்டிருந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தின் பெண் குழந்தைகள் இருவரும் வந்து குந்திக்கொண்டார்கள். ஆச்சிக்கு ஆங்கிலமும் வராது, ஸ்பானிஷும் வராது. ஆட்டம் நடந்தது. தோற்றவளின் கை நிறைய மணலை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் எங்கேனும் கொட்டச் செய்து, திரும்பி வந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கட்டம் வந்ததும் எல்லாக் குழந்தைகளும் குன்றுகளுக்கிடையே ஓடினார்கள். பெரியவர்கள் நாங்கள் தலைகளை எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினோம். இந்த வெண்மையில் எல்லாக் குன்றும் ஒன்றுபோல இருக்கும், வழி தவறுவது மிக எளிது.

இனி, என் மனதைவிட்டு அகலாத ஒன்று. இந்தக் குன்றுகளுக்கு மேற்கே, பனியுகத்தில் ஒட்டெரோ என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் காய்ந்த படுகையில் ஆயிரக்கணக்கான காலடிச் சுவடுகள் பதிந்து கிடக்கின்றன. மனிதர்கள், மாமத யானைகள், தரையில் வாழ்ந்த ஸ்லாத் என்ற ராட்சத விலங்குகள் எல்லோருடையதும். அங்குள்ள மனிதச் சுவடுகளில் சில 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021-இல் வெளியான ஆய்வு சொன்னது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் கால்வைத்த காலத்தைப் பற்றிய கணக்கையே அது பின்னுக்குத் தள்ளியது. அந்தப் படுகைக்குப் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் அதைப் பற்றித் தகவல் மையத்தில் படிக்கலாம்.

அந்தப் படுகையில் உள்ள ஒரு தடம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். ஒரு பெண்ணோ, பதின்வயதினரோ, சேற்றில் வேகவேகமாக நடந்து போயிருக்கிறார். இடையிடையே அந்தப் பெரிய காலடிகளுக்குப் பக்கத்தில் மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் காலடிகள் தோன்றுகின்றன, பிறகு மறைகின்றன. குழந்தையை இடுப்பில் சுமந்து போனவர், கை வலிக்கவே அவ்வப்போது இறக்கிவிட்டுத் தூக்கியிருக்கிறார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சுமக்கும்போது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி வழுக்கியதுகூடத் தெரிகிறதாம். அதே வழியில் திரும்பி வந்த சுவடுகளும் உண்டு. திரும்பும்போது குழந்தை இல்லை. போனதற்கும் வந்ததற்கும் நடுவே ஒரு ஸ்லாத் அந்தப் பாதையைக் கடந்திருக்கிறது. மனித வாடை தெரிந்து பின்னங்காலில் எழுந்து நின்று திரும்பியிருக்கிறது. யானை பொருட்படுத்தாமல் நேரே போயிருக்கிறது.

“பாப்பாவை எங்கே விட்டுவிட்டு வந்தாள்?” என்று மகள் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது. “அவள் அம்மா வீட்டில் விட்டிருப்பாள்” என்றார் அத்தை, சந்தேகமே இல்லாத குரலில். குழந்தையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய், விட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பும் பெண்ணை அவருக்குத் தெரியும். உப்பு வாரப் போகும் பெண்கள் விடியுமுன் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு ஓடுவதை வாசலில் நின்று பார்த்தவர் அவர். அன்று மாலை வாகன நிறுத்தத்துக்குத் திரும்பும்போது சின்னவன் நடக்க மாட்டேன் என்று கையை நீட்டினான். தூக்கிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் கை மாற்றினேன், இன்னும் கொஞ்ச தூரத்தில் இறக்கிவிட்டேன், நாலடி நடந்தான், மறுபடியும் தூக்கினேன். மகள் பின்னால் நின்று எங்கள் தடத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, அதேபோல் இருக்கிறது” என்று கூவினாள்.

குழந்தைகளுக்கான ‘இளம் காவலர்’ பயிற்சிப் புத்தகத்தை மையத்தில் இலவசமாகக் கொடுப்பார்கள், வாங்க மறக்காதீர்கள். வண்டுத் தடம், நரித் தடம், வெள்ளைப் பல்லி என்று தேடிக் குறித்து முடித்தால், காவலர் உறுதிமொழி எடுக்கவைத்துப் பதக்கம் குத்திவிடுவார். அந்த வெள்ளைப் பல்லியை மகள் குன்றுகளுக்கிடையே போட்டிருக்கும் இன்டர்டியூன் நடைபாலத்தில் குப்புறப் படுத்துக் காத்திருந்து கண்டுபிடித்தாள். சுற்றுவட்டாரத்தில் பழுப்பாக இருக்கும் பல்லி, இந்த மணலில் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் வெளுத்துவிட்டது. மணலை எடுத்துப் போகக் கூடாது என்பதும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. சின்னவன் பாட்டிலில் நிரப்பியிருந்ததை அக்கா கொட்டச் சொன்னபோது பெரிய அழுகை. கொட்டிவிட்டான்.

அலமகோர்டோவில் பிஸ்தா தோப்புகள் உண்டு. சாலையோரம் முப்பதடி உயரத்துக்கு ஒரு பிஸ்தாக் கொட்டையைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கிக்கொண்டோம். திரும்பும்போது எல் பாசோ வழியாக வந்தோம். மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள இந்தச் சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போகிறவர்கள் அவர்களின் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த மார்ச்சில் மகள் ஐந்தாம் வகுப்பில் இருப்பாள், அந்த இலவச அனுமதி இருக்காது. கணவர் பிக் பெண்ட் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார். மகள், லூசெரோ ஏரிக்கரையில் படிகங்களை இன்னும் பார்க்கவில்லை, மறுபடியும் ஒயிட் சாண்ட்ஸ்தான் என்கிறாள். சின்னவனுடைய வாக்கும் அக்காவுக்கே. ஆச்சி வருவாரா என்பதைப் பொறுத்து முடிவெடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அக்டோபரில் டிக்கெட் பார்க்க வேண்டும்.